நான்கு விரல் இடைவெளி

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்களே, அது என் அம்மாதான் அக்கா. பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆபரேஷன் எனக்குத்தான், அதுவும் நாளைக் காலை ஏழு மணிக்குத்தான். அம்மா அப்படித்தான். எனக்கு ஊசி போட்டால் அவர்களுக்குக் காய்ச்சல் வரும்.

இந்த வார்டில் ஒரு பேஷண்டோடு தங்க ஒருத்தருக்குத்தான் பாஸ். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நேற்று மத்தியானம் பாஸில் பெயர் எழுதும்போது என் வீட்டுக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். “அக்கா வாரேன்னு சொல்லுது, பெர்னா” என்றார். “உங்க அக்கா உள்ள வந்தா நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன். பாவம், அம்மா பெயரையே எழுதிவிட்டார். மின்வாரியத்தில் வயர்மேன் அவர். எந்தக் கம்பத்திலும் ஏறுவார். வீட்டில் இரண்டு பொம்பளைகளுக்கு நடுவே ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் இறங்கிப் போய்விடுவார்.

அக்கா என்றால் அவருடைய அக்கா. எனக்கு மதினி. அமலோற்பவம் என்று பெயர். கல்யாணம் கட்டவில்லை. சத்துணவில் அமைப்பாளராக இருக்கிறார்கள். நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்களுக்கு ஒரு மனுஷியின் கால் என்ன பெரிசு? அப்படித்தான் என்னையும் நடத்தினார்கள். நீங்கள் மூன்றாம் மனுஷி. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள் அக்கா.

உங்கள் மகளுக்கு ஹாக்கியில் ஒரு ஜவ்வுதானே போயிருக்கிறது? ஒன்று என்றால் ஒன்றுமே இல்லை. எனக்கு மூன்று. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. முட்டியைக் கட்டி வைத்திருக்கிற கயிறு மொத்தம் நாலு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூன்றின் மேல் பெருக்கல் குறி போட்டார். நாலாவதைக் காட்டி, “இது உங்க அதிர்ஷ்டம்” என்றார்.

எப்படி விழுந்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். வேகம்கூட இல்லை. முக்கூடல் பக்கம் ஒரு ஞானஸ்நான வீடு. பட்டுப்புடவை கட்டியிருந்ததால் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். மடியில் குழந்தை, ஜோவிதா. அப்போது ஏழு மாதம். ஒரு திருப்பத்தில் லாரி சிந்திவிட்டுப் போன மணல். வண்டி மெதுவாகச் சாய்ந்தது. எனக்கு எல்லாமே தெரிந்தது. பிடித்துக்கொள்ளக் கை வேண்டும், இரண்டு கையும் பிள்ளையிடம் இருக்கிறது. கையை எடுக்கவில்லை அக்கா. இடது காலை ஊன்றினேன். வண்டி மொத்தமும் அந்தக் காலின் மேல் வந்தது. மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியது. நான் பார்த்தேன். முட்டி பின்னால் போய்விட்டு, என் கண் முன்னாலேயே திரும்பி வந்து உட்கார்ந்தது.

பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. தொப்பிகூட விழவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் யாரும் என் முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துவிட்டுப் போவார். முட்டி நழுவும்போது உள்ளே ஓடுகிற ரத்தக்குழாய் நசுங்கியிருந்தால் காலையே எடுக்க வேண்டி வருமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மதினிதான் சொன்னார்கள். “பெருவெரல அசச்சுக்கிட்டே இரு. கால் இருக்குமா போவுமான்னு பாத்துக்கிட்டு இருக்காவ.” இப்படி ஒரு வார்த்தையை அடிபட்டுக் கிடக்கிறவளிடம் யாராவது சொல்வார்களா? அம்மா என்னிடம், “சின்னச் சுளுக்குதான் மக்களே, எண்ணெய் போட்டா சரியாயிரும்” என்றுதான் சொன்னார்கள். அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

வீக்கம் வடிந்து பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன். புது ஜவ்வு கட்ட நார் வேண்டுமாம். அதை என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே எடுப்பார்களாம். இடது காலில் எடுப்பது போதாது, வலது காலிலும் எடுக்கணும் என்றார் டாக்டர். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “நல்லா இருக்க கால எதுக்குய்யா அறுக்கணும்? ஒரு கால்லயாவது பிள்ள நிக்கட்டும்” என்று அழுதார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். மதினிதான் முன்னால் வந்து, “எடுத்துக்கிடுங்க டாக்டர். ரெண்டு காலும் அவளுதுதான, அவளுக்குள்ள கணக்கு” என்றார்கள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபடுவது என் கால்.

நாலு மணி நேரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துவிட்டார்கள். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது, துளை போடுகிற சத்தம் கேட்டது. எனக்குள்தான் நடக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ தச்சுவேலை செய்வதுபோல் இருந்தது. நான் ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.

குழந்தைக்கு அப்போது தாய்ப்பால்தான். மதினி காலையும் சாயங்காலமும் அவளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரிலிருந்து இங்கே இரண்டு பஸ். வந்தவுடன் என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் பையிலிருந்து துணி எடுத்து என் கையைத் துடைப்பார்கள். பிறகு பிள்ளையை என் வலது பக்கம், நெஞ்சில் மட்டும் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டே நிற்பார்கள். கையை விடவே மாட்டார்கள். பத்து நிமிடம், கால் மணி நேரம், குனிந்தபடியே நிற்பார்கள். குடித்து முடித்தாளோ இல்லையோ, தூக்கிவிடுவார்கள். “இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் மதினி” என்று கெஞ்சுவேன். “கடைசி பஸ் போயிரும்” என்பார்கள். என் பிள்ளை, என் பால், எனக்கு நேரம் குறிக்கிறது அவர்கள். இது நியாயமா அக்கா?

சரி, வீட்டுக்கு வந்தோம். அங்கேதான் என் சிறைவாசம் ஆரம்பித்தது.

காலுக்குத் தொடையிலிருந்து கணுக்கால்வரை பட்டை மாட்டியிருந்தார்கள். ஒன்றரை மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பையன், பிசியோ, எல்லாவற்றையும் மதினியிடம்தான் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. நான் பி.காம். படித்தவள், கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் முதல் ரேங்க். இருந்தாலும் அவர்களைத்தான் பார்த்துப் பேசினான். மல்லாக்கப் படுத்துக் காலை நீட்டினால் முட்டியின் பின்பக்கம் மெத்தையைத் தொட வேண்டும். எனக்குத் தொடவில்லை. நடுவில் நாலு விரல் நுழைந்தது. “இந்த நாலு விரல் இடைவெளி ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணுமில்லாம ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான். மதினிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

காலை ஐந்தரை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைப்பார்கள். பட்டையைக் கழற்றி, முட்டிக்கு மேலே, தொடையின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்துவார்கள். அக்கா, பிரசவ வலி தெரியும்தானே உங்களுக்கு? அதில் நடுவே மூச்சு விட இடைவெளி இருக்கும். இதில் அதுவும் இல்லை. பத்து எண்ணி விடுவார்கள். மறுபடி பத்து. நான் கத்துவேன். “கத்து, நல்லா கத்து. ஆபரேஷன் காலுக்குத்தான செஞ்சிருக்கு, வாய்க்கு ஒண்ணும் செய்யலியே” என்பார்கள். என் வீட்டுக்காரர் வெளியே நின்று தாழ்ப்பாளில் கை வைத்திருப்பார். அந்தத் தாழ்ப்பாள் அசைகிற சத்தம் எனக்குக் கேட்கும். அசையும், அவ்வளவுதான். ஒருநாளும் திறந்ததில்லை.

எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்வார்கள், வலி வந்தால் அதை உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீரக் காத்திருக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுங்கள் என்று. முதல் நாள் அப்படியே செய்தேன். இரண்டாம் நாள் ஜோவிதாவுக்காக ஒப்புக்கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் நானே வைத்துக்கொண்டேன்.

மதியம் தூங்கும்போது முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் சொர்க்கம் மாதிரி இருக்கும். கால் கொஞ்சம் மடங்கி, வலியே இல்லாமல் இருக்கும். மதினி பார்த்துவிட்டால் பேசவே மாட்டார்கள். வந்து உருவி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு தலையணை அக்கா! என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் செய்து போட்ட இலவம்பஞ்சுத் தலையணை. ஒருநாள் பார்த்தால் வீட்டிலிருந்த எல்லாத் தலையணையையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவர்களும் தலையணை இல்லாமல்தான் படுத்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் அது யாருக்காக? என்னை ஜெயிக்கத்தானே?

தினமும் அழுத்தி முடித்ததும் முட்டிக்குக் கீழே விரல் விட்டுப் பார்ப்பார்கள். “மூணு” என்பார்கள். பத்து நாள் கழித்து “ரெண்டர” என்பார்கள். ஐந்தாவது வாரம் ஒரே விரல் விட்டு, அதுவும் இடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, “ஏளா, ஒண்ணு! ஒண்ணுக்கு வந்துட்டு!” என்று குழந்தையைத் தூக்கிச் சுற்றினார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு அழுதிருந்தேன் தெரியுமா? உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது. அது அவர்கள் கண்ணில் படவில்லை. விரல்தான் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்தார்கள். நான் கத்துகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கிறது. அம்மா ஓடிவந்து கதவைத் தட்டித் திறக்க வைத்து, மதினியின் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“எம்பிள்ளைய கொல்லுதியா நீ? நீ பெத்திருந்தா தெரியும் வலி!”

மதினி துண்டை உருவி மடித்தார்கள். “இன்னும் ஒரு வெரல்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார்கள். கல்யாணமே கட்டாதவர்களைப் பார்த்து அம்மா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனால் பெற்ற வயிறு துடிக்குமா துடிக்காதா?

அன்றைக்கே காரில் தூத்துக்குடி போய்விட்டேன். குழந்தையை? குழந்தையை எப்படி அக்கா கூட்டிப்போவது? அம்மா ஒருவராக என்னைப் பார்ப்பார்களா, தவழுகிற பிள்ளையைப் பார்ப்பார்களா? நானோ கக்கூசுக்கே ஆள் பிடித்துக்கொண்டு போகிறவள். மாத்திரைகளால் பாலும் குறைந்து போயிருந்தது. ஒரு மாதம்தானே என்று விட்டுவிட்டு வந்தேன். அது இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

அம்மா வீட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆட்டுக்கால் சூப்பு. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி. பட்டை இறுக்குகிறது என்றால் அம்மா தளர்த்திவிடுவார்கள். முட்டிக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டு தலையணை. பிசியோ ஒருவர் இரண்டு தடவை வந்தார். நான் முகத்தைச் சுளித்ததுமே அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “வலிச்சா வேண்டாம் மக்களே. ஒடம்பே தன்னால சரியாக்கிக்கிடும்” என்பார்கள். நன்றாகத் தூங்கினேன். எடைகூடப் போட்டேன். தூத்துக்குடியில் இருந்தவரைக்கும் நான் ஒருநாள்கூடக் கத்தவில்லை அக்கா.

மதினி தினமும் போனில் குழந்தையைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, “எத்தன வெரல்?” என்று கேட்பார்கள். குழந்தையைப் பார்க்க விட மாட்டார்கள், விரல் கணக்குத்தான் வேண்டும். கடைசியில் மதினி நம்பர் வந்தாலே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

போன மாதம் ஒருநாள் ஜோவிதா என்னைப் போனில் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ம்மா” என்றாள். மதினி சட்டென்று, “நான் அத்தைட்டி. அம்மா அங்க பாரு, அங்க” என்று அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். எனக்கு முன்னால் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பின்னால் என்ன சொல்லிக் கொடுக்கிறார்களோ? பிள்ளை தன்னாலா அப்படிக் கூப்பிடும்? சொல்லுங்கள்.

அதற்கப்புறம்தான் நான் வீட்டுக்குப் போகணும், பிள்ளையைத் தூக்கணும் என்று எழுந்தேன். எழுந்து நின்றால் இடது கால் தரைக்கு வரவில்லை. முட்டி நீளவே இல்லை. கொக்கு மாதிரி நிற்கிறேன். இரண்டு அடி எடுத்து வைத்தால் இடுப்பு இழுக்கிறது. மல்லாக்கப் படுத்து நானே பார்த்தேன். விரல் இல்லை அக்கா, என் முஷ்டியே உள்ளே போனது.

முதலில் ஆபரேஷன் செய்த அதே டாக்டர்தான் பார்த்தார். உள்ளே கட்டிய ஜவ்வு எல்லாம் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். அதைச் சுற்றித் தழும்பு வளர்ந்து முட்டியைப் பூட்டிவிட்டதாம். துளை போட்டு உள்ளே போய் அந்தத் தழும்பை அறுத்து, மயக்கத்திலேயே காலை நீட்டி மடக்கி விடுவார்களாம். அதுதான் நாளைக்கு. “நான் நாளைக்கு நீட்டிக் குடுத்துருவேன். அது பெரிய விஷயம் இல்ல. சாயங்காலத்திலிருந்து ரெண்டு மணிக்கு ஒருக்கா யாராவது அழுத்தணும். பத்து நாள். விட்டா மறுபடி பூட்டிக்கும். மூணாவது தடவை நான் திறக்க மாட்டேன். இப்படியே நொண்டிக்கிட்டுதான் இருக்கணும். பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு படி ஏற முடியாது.” அப்படியே சொன்னார். “யார் அழுத்துவாங்க?” என்று கேட்டார். இங்கே பிசியோ காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவைதான் வருவார்.

“நான் இருக்கேன்யா” என்றார்கள் அம்மா. இன்றைக்குக் காலையில் பிசியோ அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா கை வைத்தார்கள். நான் ‘ஆ’ என்றேன். சின்னதாக ஒரு ‘ஆ’தான். அம்மா கையை எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனவர்கள்தான். இன்னும் உள்ளே வரவில்லை. பார்த்தீர்களே.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “எனக்கு கை வராது பெர்னா” என்கிறார். ஆண்களை ராத்திரி பெண்கள் வார்டில் விடவும் மாட்டார்கள்.

மதினியைக் கூப்பிடு என்கிறீர்களா? வேண்டாம். வேண்டவே வேண்டாம். அவர்கள் வந்து அந்த முஷ்டி போகிற இடத்தைப் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாது. திட்டினால்கூடத் தாங்கிவிடுவேன். பேசாமல் துண்டைச் சுருட்டுவார்கள் பாருங்கள், அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அம்மாவையும் என்ன சொல்லி வெளியே அனுப்புவேன்? நாலு மாதமாக யாரை வில்லி என்று எல்லோரிடமும் சொன்னேனோ, அவர்களை இப்போது வா என்று எந்த வாயால் கூப்பிடுவேன்? பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவள் என் முன்னாலேயே அவர்களை ‘ம்மா’ என்பாள்.

முடியாது அக்கா.

நீங்கள் தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்ததாக நேற்று சொன்னீர்கள். உழைத்த கை, பலம் இருக்கும். உங்கள் மகளுக்கு ஆபரேஷன் நாளை மறுநாள்தானே? நாளைக்குச் சாயங்காலம் நீங்கள் சும்மாதானே இருப்பீர்கள்? எப்படியும் ஐந்தாறு நாள் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே இருக்கப் போகிறீர்கள்? அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். தெரியாது. முதல் ஐந்து நாள் போய்விட்டால் பாதிக்கிணறு தாண்டின மாதிரி என்கிறார் பிசியோ.

கஷ்டமே இல்லை, நான் சொல்லித் தருகிறேன். இந்தத் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைக்க வேண்டும். முட்டிக்குக் கீழே எலும்பில் கை படக்கூடாது. இதோ, இங்கே, முட்டிக்கு மேலே தொடையில். இரண்டு உள்ளங்கையும். பத்து எண்ணுகிறவரை எடுக்கக்கூடாது. நான் கத்துவேன். உங்களைப் பாவி, சண்டாளி என்றெல்லாம் சொல்லுவேன், சொல்லியிருக்கிறேன். காதில் வாங்காதீர்கள். நீங்கள் எனக்கு யாரும் இல்லை பாருங்கள். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. நீங்கள் கோவில்பட்டிக்குப் போய்விடுவீர்கள்.

மகள் தூங்குகிறாளா? அப்படியானால் இப்போதே ஒரு தடவை கை வைத்துப் பாருங்களேன் அக்கா. அம்மா உள்ளே வருவதற்குள்.